தெருப் பக்கக் கதவைச் சாத்த மாட்டோம்

"அக்கா! கதவைச் சாத்துங்க! எல்லாத்தையும் சாத்துங்க!"

தாமோதரம் அண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டே கத்தினார். ஒரு கை ஹேண்டில்பாரில், மறு கை தலையிலிருந்த தொப்பியில். வீடுகளின் தகரக் கூரைகளுக்கு மேலே கடல் பக்கத்து வானம், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியின் அடிப்பாகம்போல் கறுத்து உருண்டு வந்துகொண்டிருந்தது. காலை வெயில் இன்னும் தெருவில்தான் கிடந்தது. ஆனால் அதன் நிறம் மாறிவிட்டிருந்தது.

அம்மா தெருக் கதவின் இரண்டு பலகைகளையும் அகலத் திறந்து, சுவரிலிருந்த கொக்கியோடு ஒரு மஞ்சள் துணித் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சாத்த மாட்டேன் தம்பி. உள்ள வர்றதுன்னா சீக்கிரம் வாங்க!"

"இன்சூரன்ஸ்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியும்தானே?"

"அந்த எழுத்து நனையப் போவுது. நீங்க முதல்ல உள்ள வாங்க!"

அவர் ஒரு கணம் தயங்கினார். தொப்பி அதற்குள் பறந்து எதிர்வீட்டு வேலியைத் தாண்டிவிட்டது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடி வந்தார்.

ஒரு காப்புறுதி ஏஜெண்ட், தான் சாத்தச் சொன்ன கதவு வழியாகவே ஓடிவந்து தப்பித்தார். இந்த வாரம் நான் எழுத உட்கார்ந்தது அந்தக் கதவைப் பற்றித்தான்.

பின்புறம் கடலில் நின்ற வீடு

சென்ற வாரம், கோலாலம்பூரில் கட்டடப் படம் வரையப் பயின்ற காலத்தையும் விடுதிச் சாப்பாட்டையும் பற்றி எழுதியிருந்தேன். பயிற்சி முடிந்து மலாக்காவுக்குத் திரும்பிய பிறகு நடந்தது இது. சுதந்திரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. நாள்தான் இன்னும் வரவில்லை. அந்த இடைக்காலம்.

எங்கள் குடும்பம் காஜா பெராங்கில் குடியிருந்தது. மலாய் பேசும் மலாக்காச் செட்டிகளின் பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியில் யாராவது உரக்கச் சிரித்தால் எங்கள் சமையலறையில் கேட்கும். அப்பா ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர். சனிக்கிழமை வருவார், ஞாயிறு மாலை போவார். ஆகவே வார நாட்களில் வீட்டை ஆண்டது அம்மாதான்.

ஆனால் நான் சொல்லும் வீடு அதுவல்ல. தெங்கேராவில் ஒரு பலகை வீடு. முன்புறம் தெருவில், பின்புறம் கடலில். அலை ஏறும் நேரத்தில் அடுப்படித் தரைக்குக் கீழே தண்ணீர் வந்து வீட்டின் மரக் கால்களைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பக்கத்தில் எங்கோ ஜாடியில் ஊறும் சின்ன இறாலின் வாடையும், எங்கள் தையல் மெஷின் எண்ணெயின் வாடையும் அங்கே எப்போதும் கலந்திருக்கும். இன்றும் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தால் எனக்குக் கடல் நினைவு வருகிறது.

அம்மா அந்த வீட்டை வாடகைக்கு எடுத்துத் தையல் வகுப்பு நடத்தினாள். இரண்டு பக்கமும் வெளிச்சம் வரும்; ஊசியில் நூல் கோக்க விளக்கு வேண்டாம். காஜா பெராங்கிலிருந்தும் புக்கிட் பாருவிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். நான் நகரத்தில் ஒரு நில அளவையாளர் அலுவலகத்தில் படம் வரையும் வேலையில் இருந்தேன். அலுவலகம் திறக்குமுன் அளவெடுக்கும் பாடத்தை நான் நடத்திவிட்டுப் போவேன்.

வீட்டுச் சொந்தக்காரர் சிங்கப்பூரில் இருந்தார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. தீக்கும் புயலுக்கும் காப்புறுதி இருக்க வேண்டும். அதைக் குடியிருப்பவர் கட்ட வேண்டும். காப்புறுதி நின்றால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

அதாவது, காப்புறுதி இல்லையென்றால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லையென்றால் அம்மா காலையில் எழுந்து தலை வாரி, நல்ல சேலை கட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கும் அந்த நடை இல்லை.

காற்றுக்கு வழி

எங்கள் கடலில் பெரும் புயல்கள் வருவதில்லை. வருவது சுமத்ரா. நீரிணைக்கு அந்தப் பக்கத்துத் தீவிலிருந்து புறப்படுவதால் அந்தக் காற்றுக்கே அந்தப் பெயர். பெரும்பாலும் விடியற்காலையில் வரும். சில நாள் தாமதித்து வகுப்பு நேரத்தில் வரும். கடலுக்கு மேல் கறுப்பாக ஒரு வளைவு எழும். பிறகு பறவைகள் அமைதியாகும். பிறகு குளிர். குளிர் பட்ட உடனே ஓட வேண்டும்.

எங்கள் வகுப்பில் அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. நான் பட்டியல் போடுகிறவள். அந்த ஒழுங்கை நான்தான் வகுத்தேன் என்று நினைக்கலாம். இல்லை. நான் வருவதற்கு முன்பே அந்தக் கடலோர வரிசையின் எல்லா வீட்டிலும் அது இருந்தது. நான் செய்ததெல்லாம் அதை வரிசைப்படுத்திச் சொல்லிப் பழக்கியதுதான்:

கத்தரிக்கோல்கள் முதலில் இழுப்பறைக்குள்.
மெஷின்களுக்கு உறை.
கடல் பக்கத்து ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் தாழ்ப்பாள், அதன்மேல் குறுக்குக் கட்டை.
தெருப் பக்கத்து ஜன்னல், கதவு எல்லாம் அகலத் திறப்பு. காற்றில் அடித்துக்கொள்ளாமல் துணித் துண்டால் கட்டு.

கடைசி வேலை மாக் லெட்சுமியுடையது; மாக் என்றால் மலாயில் அம்மா. கம்போங் செட்டியிலிருந்து வந்து கெபாயா சட்டைக்குப் பூத்தையல் சொல்லிக் கொடுத்தவர். அம்மாவின் வயதுதான். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங். சாமிகளைத் தமிழ்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மற்ற எல்லாவற்றுக்கும் அவர் வீட்டு மலாய்தான். குளிர் பட்டதும் "புக்கா! புக்கா!" என்று அவர் குரல் கொடுப்பார். திற, திற என்று அர்த்தம். தமிழ் மட்டுமே தெரிந்த புதுப் பெண்கூட முதல் நாளே அதைக் கற்றுக்கொண்டுவிடுவாள்.

புயலில் கதவைத் திறந்து வைப்பதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பலகை வீட்டில் கடல் பக்கம் எவ்வளவு அடைத்தாலும் இடுக்குகள் வழியே காற்று நுழைந்துவிடும். நுழைந்த காற்றுக்கு வெளியே போக வழி வேண்டும். எல்லாப் பக்கமும் அடைத்தால் அது மேலே தள்ளும். வெளியே கூரைமேல் ஓடும் காற்று அதே நேரத்தில் தகரத்தை மேலே இழுக்கும். கீழிருந்து தள்ளலும் மேலிருந்து இழுப்பும் சேர்ந்தால் ஆணி எத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருக்கும்? காற்றுக்கு எதிர்ப்புறம் திறந்திருந்தால் உள்ளே சேர்ந்தது வெளியே உறிஞ்சப்படும். கூரை கீழ்நோக்கி அமரும். கோலாலம்பூரில் இதற்குப் படம் வரைந்து அம்புக்குறி போட்டுக் கொடுத்தார்கள். படத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் தெருதான் தெரிந்தது.

காற்றின் விலை

ஒவ்வொரு வருடமும் தாமோதரம் அண்ணன் புதுக் காப்புறுதிப் பத்திரத்தோடு வருவார். ஒவ்வொரு வருடமும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரே செய்தியைச் சொல்வார்.

"முன்வரிசை வீட்டுக்குக் கட்டணத்த மறுபடி ஏத்திட்டாங்க அக்கா."

"ஏன் தம்பி, போன வருஷத்துக் காத்துதானே இதுவும்? புதுசா ஏதாவது சேத்திருக்கானா?"

"கடலோரம்லா அக்கா. கம்பெனி பயப்படுது."

"கடலோரத்துல குடியிருக்கிறது நான். பயப்படுறது கம்பெனி. அந்தப் பயத்துக்குக் காசு குடுக்கிறதும் நானா?"

அவர் சிரித்துவிட்டு காப்பியைக் குடிப்பார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவாள். ஒரு மெஷின் புதிதாக வாங்க வைத்திருந்த பணம் இப்படி இரண்டு முறை கம்பெனிக்குப் போயிற்று.

அந்தக் கம்பெனிக்குக் கடலோர வரைபடம் தேவைப்பட்டபோது வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. முதல் வரிசை வீடுகளுக்கு, அபாயம் என்று காட்டச் சிவப்பு வண்ணம் பூசச் சொன்னார்கள். தூரிகையை நனைத்து, வண்ணம் கோட்டுக்கு வெளியே போகாமல், என் அம்மாவின் வகுப்பை நானே சிவப்பாக்கினேன். சுத்தமான வேலை என்று மேலாளர் பாராட்டினார்.

அந்த வருடப் பத்திரத்தில்தான் புதிதாக ஒரு விதி முளைத்தது. புயல் நேரத்தில் கட்டடத்தின் எல்லாக் கதவுகளும் ஜன்னல்களும் சாத்தித் தாழிடப்பட்டிருக்க வேண்டும். தவறினால் காப்புறுதி ரத்து.

அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டாள். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். "இத எழுதினவன் வீட்டுக்குக் கூரை இருக்கா?" என்று கேட்டாள்.

ஆனால் பக்கத்து வீட்டு சவரிமுத்து சார் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டார். கோர்ட்டில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சடித்த எதன்மேலும் அவருக்கு மரியாதை. தெருப் பக்க ஜன்னல்களுக்கெல்லாம் புதுத் தாழ்ப்பாள் அடித்தார். ஓங்கி அடித்த சத்தம் எங்கள் வகுப்பில் பாடத்தையே நிறுத்தியது.

"எழுத்துல இருக்கும்மா," என்று அம்மாவிடம் சொன்னார். "நீங்க என்னடான்னா புயல் வந்தா திருடனுக்குத் திறந்து வச்ச மாதிரி வச்சிருக்கீங்க."

"திருடன் கதவு வழியா வந்து கதவு வழியாப் போவான் சார். உங்க வீட்டுக்கு வர்றவன் கூரையத் தூக்கிட்டுத்தான் போவணும்."

அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவர் மனைவி மட்டும் சமையலறை ஜன்னல் வழியே எங்களைப் பார்த்துக் கையை விரித்தார்.

கூரை எழுந்த காலை

இப்போது முதல் காட்சிக்குத் திரும்புகிறேன். தாமோதரம் அண்ணன் உள்ளே ஓடி வந்ததும் காற்று வந்துவிட்டது.

சுமத்ராவின் முதல் அடி ஓசையாகத்தான் வரும். கடல் பக்கத்துப் பலகைகள் ஒன்றாக முனகின. குறுக்குக் கட்டைகள் அதிர்ந்தன. இடுக்குகளில் புகுந்த காற்று வீட்டுக்குள் நடந்து, தொங்கிய நூல்களையெல்லாம் தெருப் பக்கம் நீட்டிவிட்டு வெளியே போயிற்று. வெட்டிப் போட்ட காகித அளவுகள் கதவு வழியே பறந்தன. தாமோதரம் அண்ணன் ஒரு மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"தாமு, தாக்குட் கா?" என்றார் மாக் லெட்சுமி. பயமா என்று கேட்கிறார். பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்க முயன்றார்.

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சத்தம். பெரிய துணியை இரண்டாகக் கிழிப்பது போல நீளமாக. நாங்கள் திறந்த கதவோரம் வந்து எட்டிப் பார்த்தோம். சவரிமுத்து சாரின் கூரையில் ஓர் ஓரம் எழுந்தது, அமர்ந்தது, மறுபடி எழுந்தது. பிறகு தகரங்கள் வரிசையாகக் கழன்று தெருவுக்கு மேல் பறந்தன. ஒன்று எங்கள் சுவரோரம் விழுந்தது. தாமோதரம் அண்ணன் சைக்கிள் சாய்த்திருந்த இடத்தில்.

சைக்கிளின் முன்சக்கரம் மடங்கிப்போயிற்று. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை நின்றதும் முதலில் பக்கத்து வீட்டுக்குத்தான் ஓடினோம். இருவருக்கும் அடி எதுவும் இல்லை. சார் நனைந்த வேட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுத் தாழ்ப்பாள்கள் ஒன்றுகூட அசையவில்லை.

எங்கள் வீட்டில் கூரை இருந்தது. கடலுக்கு மேல் நீட்டியிருந்த அடுப்படிச் சார்ப்பை மட்டும் அலை கொண்டுபோய்விட்டது. அங்கே பழுது பார்க்க வைத்திருந்த ஒரு மெஷினும் போயிற்று.

அவிழ்க்கச் சொன்ன முடிச்சு

மறுநாள் தாமோதரம் அண்ணன் நடந்து வந்தார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"கம்பெனி இன்ஸ்பெக்டர் வர்றாரு அக்கா. வெள்ளைக்காரர். ரெண்டு வீட்டையும் பாப்பாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தத் துணியெல்லாம் அவுத்துடுங்க. ஜன்னலைச் சாத்திடுங்க. எல்லாம் அடைச்சு வச்சிருந்தோம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். நான் எதையும் பாக்கல."

"நீங்க உள்ளதானே இருந்தீங்க?"

"அதனாலதான் சொல்றேன். நான் இருந்தேன்னு தெரிஞ்சா என் வேலையும் போகும். உங்க பத்திரமும் போகும். பத்திரம் போனா வீடு போகும். யோசிங்க அக்கா."

அம்மா யோசித்தாள். எனக்கு அவள் முகம் தெரியும். கணக்குப் போடும்போது கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள்.

"அம்மா," என்றேன். "நாம சாத்தி வச்சிருந்தோம்னு சொன்னா, சாத்தினதாலதான் இந்தக் கூரை நின்னுச்சுன்னு அவர் எழுதிக்குவாரு. சார் வீட்டுக் கூரை ஆணி சரியில்லாமப் போச்சுன்னு எழுதுவாரு. அடுத்த வருஷம் இந்த வரிசை முழுக்கத் தாழ்ப்பாள் அடிப்பாங்க."

"வீடு போயிட்டா அடுத்த வருஷம் நமக்கு என்னடி சரோ?"

அம்மா மேசைமேலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். ஜன்னல் பக்கம் நடந்தாள். தாமோதரம் அண்ணன் நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஒரு ஜன்னலில் துணி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதை வெட்டி எறிந்தாள். மேசையிலிருந்த சிவப்புத் துணியிலிருந்து புதிதாக ஒரு துண்டு கத்தரித்தாள். ஜன்னலை மறுபடி அகலத் திறந்து, புதுத் துண்டால் இரட்டை முடிச்சுப் போட்டாள்.

"வரட்டும்," என்றாள். "பாக்கட்டும்."

தாமோதரம் அண்ணன் அப்போதுதான் உட்கார்ந்தார்.

அலங்காரம்

அந்தத் துணித் துண்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுதந்திர நாளுக்குத் தெருத் தோரணம் தைக்கும் வேலை அந்த மாதங்களில் எங்கள் வகுப்புக்கு வந்திருந்தது. ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையிலிருந்து கட்டுக் கட்டாகச் சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள். மிஞ்சிய ஓரங்களை அம்மா வீணாக்க மாட்டாள். அவைதான் எங்கள் கதவுகளைக் கட்டிப் பிடித்தன.

இன்ஸ்பெக்டர் இளைஞர். மூக்கின் தோல் வெயிலில் உரிந்திருந்தது. சவரிமுத்து சார் வீட்டை முதலில் பார்த்தார். தாழ்ப்பாள்களை எண்ணிக் குறித்துக்கொண்டார். விதிப்படி நடந்ததற்கு சாரைப் பாராட்டிக் கைகுலுக்கினார். கூரையில்லாத கூடத்தில் நின்று சார் நன்றி சொன்னார்.

பிறகு எங்கள் வாசலுக்கு வந்தார். கதவிலும் ஜன்னல்களிலும் ஆடிக்கொண்டிருந்த வண்ணத் துண்டுகளைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"சுதந்திரத்துக்கு இப்போதே அலங்காரமா? அழகாக இருக்கிறது," என்றார். ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

தாமோதரம் அண்ணன் அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்யைக்கூட நாங்கள் தயாரிக்க வேண்டியதில்லை. வந்தவரே தைத்து, பொத்தான் வைத்து, கையில் கொடுத்துவிட்டார்.

"அலங்காரம் இல்லை," என்றேன். "புயலுக்குக் கட்டியது. அன்று காலை இந்தப் பக்கம் எல்லாம் திறந்திருந்தது."

அவர் பேனா நின்றது. "எல்லாமா?"

"தெருப் பக்கம் எல்லாம். கடல் பக்கம் எல்லாம் அடைத்திருந்தது."

"உங்கள் பத்திரத்தில் விதி இருக்கிறது, தெரியுமா?"

"தெரியும். படித்தோம். இரண்டு முறை."

அவர் தொப்பியைக் கழற்றினார். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். முன்பு வேறொரு கடலில், பெரும் சூறாவளிகள் வரும் தீவுகளில் வேலை பார்த்தவராம். அங்கே ஒரு முறை, காற்று ஓய்ந்துவிட்டது என்று நம்பி எதிர்ப்பக்கக் கதவைத் திறந்த குடும்பம் ஒன்றைப் பார்த்தாராம். சூறாவளியின் நடுப்பகுதி கடந்ததும் காற்று மறுபக்கத்திலிருந்து திரும்பி வந்தது. அந்த வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை. "விதி காரணமில்லாமல் எழுதப்பட்டதல்ல," என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

நான் வெட்டும் மேசையில் நீலத் துணியை விரித்தேன். தையல் சாக்கட்டியால் இரண்டு வீடுகளைக் குறுக்குவெட்டாக வரைந்தேன். ஒன்று சாரின் வீடு, ஒன்று எங்களுடையது. கடல் பக்கம், தெருப் பக்கம், கூரை. காற்று நுழையும் இடத்தில் அம்புகள். ஒரு வீட்டில் அம்புகள் வெளியே போயின. இன்னொன்றில் எல்லாம் கூரையின் அடியில் போய்க் குவிந்தன.

"உங்கள் தீவுகளில் நீங்கள் செய்தது சரி," என்றேன். "அந்தக் காற்று திரும்பி வரும். எங்கள் காற்று திரும்பி வராது. கடலிலிருந்து வரும், தெரு வழியாகப் போகும். அந்தக் கடலின் விதியை இந்தக் கடலுக்கு எழுதிவிட்டீர்கள்."

அவர் குனிந்து ஒவ்வோர் அம்பையும் விரலால் தொடர்ந்து பார்த்தார். பிறகு தலையைத் திருப்பினார். "மிஸ்டர் தாமோதரம், நீங்கள் அன்று இந்தத் தெருவில் வசூலுக்கு வந்ததாகக் கேள்விப்பட்டேன். நீங்கள் எதையாவது பார்த்தீர்களா?"

மாக் லெட்சுமி பூத்தையல் வளையத்தைக் கீழே வைத்தார். சுவரோரத்தில் அந்த மடங்கிய சைக்கிள் இன்னும் நின்றிருந்தது.

தாமோதரம் அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"நான் உள்ளே இருந்தேன் சார்," என்றார். "சாத்தச் சொல்லிக் கத்தினதும் நான்தான். அவங்க சாத்தியிருந்தா, அந்தத் தகரம் விழுந்தப்போ நான் சைக்கிள் பக்கத்துல நின்னிருப்பேன்."

வெளியே வந்து இன்ஸ்பெக்டர் சைக்கிள் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, அந்த நீலத் துணியைத் தரமுடியுமா என்று கேட்டார். துணிக்கு விலை உண்டு என்றாள் அம்மா. நான் அதை மொழிபெயர்க்கவில்லை. மடித்துக் கொடுத்துவிட்டேன்.

பதில்

பதில் வரும்வரை அம்மா ஒரு மெஷினைக்கூட இடம் மாற்றவில்லை. "காலி பண்றவ மாதிரி நான் எதையும் தொட மாட்டேன்," என்றாள். வகுப்பு நடந்தது. தோரணங்கள் தைக்கப்பட்டன, ஊர் முழுக்கக் கட்டப்பட்டன. சுதந்திர நாளும் வந்தது. கூட்டத்தில் நின்று கை தட்டியபோதும் என் நினைவு பாதி அந்தக் கடிதத்தில்தான் இருந்தது.

தாமோதரம் அண்ணன் கடைசியில் வந்தார். பழைய சைக்கிளுக்குப் புதுச் சக்கரம் போட்டிருந்தார். அவர் வேலை போகவில்லை. கண்டித்து ஒரு கடிதம் மட்டும் கொடுத்திருந்தார்கள். அதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அதில் சைக்கிள் ஸ்க்ரூக்களைப் பொட்டலம் மடித்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

எங்கள் செய்தி மூன்று பாகமாக இருந்தது. போன சார்ப்புக்கும் மெஷினுக்கும் ஒன்றும் தர மாட்டார்கள். அன்றைக்கு இருந்த விதி அன்றைக்கு இருந்த விதிதான். பத்திரம் ரத்தாகாது. தெங்கேரா முன்வரிசைக்கு மட்டும் விதி மாறுகிறது: கடல் பக்கத்துக் கதவுகளும் ஜன்னல்களும் சாத்தியிருக்க வேண்டும். தெருப் பக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"விலை?" என்றாள் அம்மா.

அவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஏத்திட்டானா?"

"முன்வரிசைலா அக்கா."

அம்மா உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்தாள். இந்த முறை முணுமுணுக்கவில்லை. மேசைமேல் வைத்து, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "உங்க கம்பெனிகிட்ட சொல்லுங்க தம்பி. கூரைய நிறுத்தினது நான். இது அவங்க பயத்துக்கு. அடுத்த வருஷம் ஏத்துறதுக்கு முன்னாடி அந்தப் பையனை மறுபடி அனுப்பச் சொல்லுங்க. எம் மக இன்னொரு படம் போடுவா."

நான் போட்டேன். ஒன்றல்ல, பல. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. பெரும்பாலும் விலை ஏறும். ஒரே ஒரு வருடம் ஏறாமல் நின்றது. அலுவலகத்தில் முன்வரிசை வீடுகளை இப்போதும் சிவப்பாகத்தான் பூசச் சொல்கிறார்கள். பூசுகிறேன். தெருப் பக்கம் மட்டும் ஒரு சிறு இடைவெளி விட்டுக் கதவைத் திறந்தாற்போல் வரைகிறேன். மேலாளர் கேட்டார். வீடு அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

சவரிமுத்து சாருக்குக் கம்பெனி முழுக் கூரையும் போட்டுக் கொடுத்தது. விதிப்படி நடந்தவர் அல்லவா! வெயிலில் அது கண்ணைக் கூசும். எங்கள் துருப்பிடித்த கூரைக்குப் பக்கத்தில் புது மாப்பிள்ளைபோல் இருக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முதல் பெரிய சுமத்ரா ஒரு காலையில்தான் வந்தது. கடலில் வளைவு எழுந்தது. பறவைகள் அடங்கின. குளிர் பட்டது. மாக் லெட்சுமி "புக்கா!" என்று குரல் கொடுக்கும்போதே, வாசலில் செருப்புச் சத்தம்.

சவரிமுத்து சார். வேட்டியைத் தூக்கிக் கட்டியிருந்தார்.

"சரோ, ரெண்டு துண்டு துணி இருக்குமாம்மா?"

அம்மா கத்தரிக்கோலை வைக்காமலே திரும்பினாள். "எழுத்துல என்ன சார் இருக்கு?"

"கடல் பக்கம்னுதான் இருக்கு," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு அண்ணாந்து, "புதுக் கூரைம்மா," என்றார்.

அம்மா ஒரு பிடி துண்டுகளை அள்ளி நீட்டினாள். அவர் அதிலும் பொறுக்கினார். "எல்லாம் ஒரே நிறமா இருந்தா..."

"கலரு அப்புறம். முடிச்சுப் போடத் தெரியுமா?"

தெரியவில்லை. அம்மா அவர் கையிலிருந்து துணியைப் பிடுங்கிக்கொண்டு முதல் தூறலில் இறங்கி நடந்தாள். அவர் வீட்டுத் தெருக் கதவின் புதுத் தாழ்ப்பாளை இழுத்தாள். அது இறுகிக் கிடந்தது; மூன்றாவது இழுப்பில்தான் வந்தது. கதவை அகலத் திறந்து, நீலத்தில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றும் கட்டினாள்.

அவள் திரும்பி வந்து எங்கள் வாசலில் நிற்கும்போது காற்று வந்துவிட்டது. வீட்டின் நடுவே நடந்து, எங்கள் இருவருக்கும் இடையே புகுந்து, அம்மாவின் ஈரச் சேலைத் தலைப்பைத் தெருப் பக்கம் நீட்டிவிட்டு வெளியே போனது. வரிசை முழுதும் கதவுகள் திறந்திருந்தன. நான் கூரைகளைப் பார்த்தேன். பழையதும் புதியதுமாக எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.